பல்லக்கும் சிரட்டையும்

பழம்பொருள்களைச் சேர்த்து வைத்துக் காட்டும் இல்லத்திற்கு ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் 'நூதனசாலை' என்பதாகும். நூதனம் என்பது புதுமை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லும் செம்பும் கிடக்கின்ற இடத்திற்குப் புதுமைச்சாலை எனப் பெயர் வாய்த்தது வேடிக்கைதான். ஆயினும் அதில் ஓர் உண்மையும் உண்டு. காணச் சென்ற மக்களுக்கு அங்கிருந்தவை தம் சொந்தப் பழமையாகத் தோன்றவில்லை. எங்கிருந்தோ வந்த விந்தைகளாகவே தோன்றின. சென்னைப் பட்டணம் பார்க்கச் சென்ற நாட்டுப்புற மக்கள், 1851இல் நிறுவப்பெற்ற அரசினர் பொருட்காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கினர். படித்தவர் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. நாம் நகைக்கமாட்டோம். காண்பவனின் வாழ்வோடு தொடர்பற்றதாக ஒரு காட்சி அமையுமாயின் அதனைச் செத்தது என்று சொல்வதைவிடத் திருத்தமான திறனாய்வு வேறு யாது?

நாம் புங்குடுதீவின் இறுப்பிட்டியில் ஆசிரியத் தொழில் புரிகின்றோம். மாணவரை அழைத்துச் சென்று யாழ்ப்பாணத்து அரும்பொருளகத்தைக் காட்டி வருவதும், ஆண்டுக்கொருமுறை பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி நடத்துவதும் நம் வேலைகளுள் அடங்கும். முன்னையது நிலையான காட்சி. பின்னையது இரண்டு மூன்று நாளில் கலைந்துபோகும் பருவக் காட்சி. இவ்விரண்டிற்கும் இடையில் தீவக மக்களின் வரலாறு எங்கே தங்கியிருக்கிறது என்னும் வினா நம்மை விடாது தொடர்கின்றது. அவ்வினாவை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரும்பொருளகம் மன்னரின் கருவூலத்திலும் செல்வரின் அலமாரியிலும் பிறந்தது. பாரிசு நகரத்து லூவர் அரண்மனை 1793ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மன்னராட்சியை மக்கள் வீழ்த்தி ஓராண்டு நிறைந்த நாள் அது. நேற்றுவரை அரசன் தன் விருந்தினருக்கு மட்டும் காட்டிய ஓவியங்களைத் தெருவில் உழைத்தவர்களும் நிமிர்ந்து நின்று பார்த்தனர். உலக வரலாற்றில் இஃதொரு பெரிய திருப்பம் என்பதில் ஐயமில்லை. எனினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே நெப்போலியனின் படைகள் இத்தாலியில் அள்ளிய கலைச்செல்வங்களும் அதே மண்டபத்தில் வந்து குவிந்தன. மக்களுக்குத் திறந்த கதவு வழியாகவே கொள்ளைப் பொருளும் உள்ளே வந்தது. இந்த இரட்டைத் தன்மை அரும்பொருளகத்தைவிட்டு அதன்பின் நீங்கவில்லை.

பருவக் காட்சியின் கதையும் இத்தகையதே. 1851இல் இலண்டனில் கண்ணாடி மாளிகை எழுப்பி நடத்திய பெருங்காட்சி மே மாதம் தொடங்கி ஒக்ரோபரில் முடிந்தது. அறுபது இலட்சம் பேர் பார்த்தனர். குடியேற்ற நாடுகளின் விளைபொருளும் கைவினைப் பொருளும் அங்கே பரப்பப்பட்டன. இலங்கைப் பொருள்களும் அவற்றுள் இருந்தன. அதில் வந்த இலாபமும் எஞ்சிய பொருள்களும் தெற்குக் கென்சிங்டனில் நிலையான காட்சிச்சாலைக்கு அடிப்படையாயின. பொருளைக் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. 1886இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியில், ஆக்ராச் சிறையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் இந்தியக் கைவினைஞராக அமர்த்தப்பட்டு வேலை செய்து காட்டினர். அதே 1880களில் ஜெர்மனிய விலங்கு வணிகரான ஹாகன்பெக் இலங்கையிலிருந்து சிங்களவரையும் தமிழரையும் யானைகளோடு சேர்த்துக் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சி நடத்தினார். மனிதனே பருவக் காட்சிப் பொருளான காலம் அது. கண்ணாடிக்கு எந்தப் பக்கத்தில் நாம் நிற்கின்றோம் என்பதைத் தீர்மானிப்பது அதிகாரமே என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேவையில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே உள்ளவற்றுள் தமிழ் மாணவன் தவறாது காணவேண்டியவை இரண்டு. ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களின் அழிபாடுகளிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள். அவற்றைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1914இல் நூலெழுதினார். மற்றையது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய அக்கல் 1409ஆம் ஆண்டினது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1911இல் அது கண்டெடுக்கப்பட்டபொழுது, கழிவுநீர் ஓடும் மதகொன்றுக்கு மூடியாகக் கிடந்தது. சீனப் பேரரசன் தென்னிலங்கைத் தெய்வத்திற்குத் தமிழில் காணிக்கை எழுதுவித்த கல், எத்தனையோ வண்டிச் சக்கரங்களின் கீழ்க் கவிழ்ந்து கிடந்து, பின்னர்த் தலைநகரத்து மண்டபத்தில் எழுந்து நிற்கிறது. அதனை மீட்டு வைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எல்லாப் பொருளும் தலைநகரோடு நின்றுவிடவில்லை. வடமராட்சி வல்லிபுரத்தில் கிடைத்த பழைய புத்தர் சிலையை 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் சீயத்து மன்னருக்குப் பரிசாக அளித்துவிட்டார். தன்னுடையதல்லாத பொருளைத் தானம் செய்வது ஆள்வோருக்கு எளிது. தமிழகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை 1876இல் தோண்டிய ஜெர்மனியரான யாகோர் அங்கே கிடைத்த தாழிகளையும் இரும்புப் பொருள்களையும் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். தாமிரபரணிக் கரையில் உழுதவர்களின் முன்னோர் எப்படிப் புதைக்கப்பட்டனர் என்பதை அறிய வேண்டுமாயின் ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் நிலை அன்று உண்டாயிற்று.

காற்று இப்பொழுது சற்றுத் திசை மாறியிருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபொழுது கைக்கொண்ட, வெள்ளியும் பொன்னும் மணியும் இழைத்த லெவ்கே திசாவையின் பீரங்கி, அம்ஸ்ரடாம் நகரத்து அரும்பொருளகத்தில் நெடுங்காலம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அதுவும் வேறு ஐந்து பொருள்களும் இலங்கைக்குத் திரும்பி வந்தன. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் திரும்பிவரும் பொருள் தலைநகருக்கு வருகிறது; தலைநகரிலிருந்து அது பிறந்த ஊருக்குச் செல்லும் வழி இன்னும் பேசப்படுவதில்லை. ஆதிக்கத்தின் அளவு சிறியதாகலாம். அதன் திசை அதேதான்.

இவ்வாறு நோக்கும்பொழுது, யாழ்ப்பாணத்தில் ஓர் அரும்பொருளகம் இருப்பதே பெரும்பேறு என்று தோன்றுகிறது. நல்லூரில், நாவலர் மண்டபத்திற்குப் பின்னால், 1978இல் அது நிறுவப்பட்டது. தீவகத்திலிருந்து செல்லும் எங்கள் பிள்ளைகள் வேலணையையும் அல்லைப்பிட்டியையும் தாண்டிப் பண்ணைத் தாம்போதியைக் கடந்ததும் முதலில் காண்பது கோட்டை மதில். போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டி, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டை அது. அதன் உள்ளே கிடைத்த கற்களுள் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டொன்றும் உண்டு. கோயிற் கல் கோட்டைக் கல்லான கதையை இங்கிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கலாம்.

அரும்பொருளகத்தின் வாயிலில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகளும் திமிங்கிலத்தின் எலும்புகளும் உள்ளன. பீரங்கியைவிட எலும்பே எங்கள் மாணவரை ஈர்க்கும். கடலோரப் பிள்ளைகள் அல்லவா? உள்ளே கந்தரோடையில் கிடைத்த தலையற்ற புத்தர் சிலைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பௌத்தம் தமிழரிடையேயும் வழங்கியது என்பதை இரு திறத்தாரும் மறக்க விரும்பும் இக்காலத்தில், அக்கற்களின் முன்னால் மாணவரைச் சிறிது அதிக நேரம் நிறுத்துவது நம் வழக்கம். ஏழு வாயுடைய மட்கலம் ஒன்று உண்டு, இசைக்கருவி என்பர். அதில் நீரை ஊற்றினால் எந்த வாயால் வழியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும்.

நம்மை அங்கே நெடுநேரம் நிறுத்துவது ஒரு பல்லக்கு. 1845ஆம் ஆண்டுக்குரியதாகக் கூறப்படும் அப்பல்லக்கு, பருத்தித்துறை முதலியார் ஏறிச்சென்றதாம். அழகிய வேலைப்பாடு. தச்சனின் கை பேசுகிறது. ஆனால் பல்லக்குத் தானே நடப்பதில்லை. அதனைத் தூக்கிய தோள்கள் எவருடையவை? அத்தோள்களில் ஏறிய காய்ப்பு எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது?

இக்கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. யாழ்ப்பாணத்தில் சிவிகை சுமப்பதையே பிறப்பின் கடமையாகப் பெற்ற சாதியொன்று இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த தேசவழமைச் சட்டத்தில், காணி, சீதனம், ஈடு ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. பிள்ளைகள் தாயின் நிலையையே அடைவர் என்பது போன்ற முறைகள் அன்று வழக்கமாய் ஏற்கப்பட்டிருந்தன. ஆங்கில ஆட்சியில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டு. பல்லக்கின் ஆண்டு 1845. ஓராண்டு இடைவெளி! சட்டம் விடுதலை தந்த மறு ஆண்டிலும் பல்லக்கு எழுந்து நடந்தது என்பதை அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தாலே ஒரு சிறுவன் புரிந்துகொள்வான். அறத்தை விளக்கப் புகுந்த வள்ளுவரும் சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் ஒரே குறளில் நிறுத்தினார். அதற்கு உரை கண்டவர்கள் இன்றளவும் தம்முள் மாறுபடுகின்றனர். அரும்பொருளகங்களில் அந்த உரைப்போர் எழுவதேயில்லை. ஊர்ந்தவனின் பெயரே எஞ்சுகிறது.

இது யாழ்ப்பாணத்து அரும்பொருளகத்தின் தனிக்குறை அன்று. உலகெங்கும் இதுவே முறை. தங்கமும் செம்பும் கல்லும் காலத்தை வெல்லும். பனையோலையும் தேங்காய்ச் சிரட்டையும் மண்சுவரும் வெல்லமாட்டா. உடையவர் நிலைக்கும் பொருளால் வாழ்ந்தனர். உழைத்தவர் அழியும் பொருளால் வாழ்ந்தனர். ஆகவே எவரும் திட்டமிட்டு மறைக்காமலேகூட, எஞ்சியவற்றை அடுக்கிவைத்த மாத்திரத்தில் உழைத்தவர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றனர்.

தீவகத்தின் நிலையோ இன்னும் ஒருபடி கீழானது. ஒல்லாந்தர் எம் தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணைத் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். மக்கள் இவற்றில் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலேயர் ஏடுகளிலேறி இன்றும் வழங்குகிறது. படத்தில் பெயர் எழுதியவர் பலர்; இங்கே வாழ்ந்தவரின் பொருளைப் பேண ஓர் அறை கட்டியவர் இலர்.

ஆனால் தீவகம் வரலாறற்ற மணல்மேடு அன்று. நயினாதீவு நாகபூசணியம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு இதற்குச் சான்று. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12ஆம் நூற்றாண்டில், தமிழிலேயே பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். வேற்றுநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும். யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்திற்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் கெட்டால் அரசனுக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி. ஏன் இந்த வேற்றுமை? யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருபவனை இழப்பிலிருந்து காப்பது அரசின் நலம். ஏனைய பண்டம் கெட்டால் அரசு தாராளமாகப் பாதியை எடுத்துக்கொள்ளும். எண்ணூறு ஆண்டுக்கு முன் வகுத்த இக்காப்புறுதிக் கணக்கில் அரசியற் பொருளாதாரப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன் தீவகத் துறைமுகத்தில் தமிழில் ஆணையிட்டான் என்பது, மொழியின் பெயரால் வாளெடுத்த இந்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப்பிள்ளையும் அறியவேண்டிய செய்தி.

அக்கல் எந்த நூதனசாலைக்கும் போகவில்லை. இருந்த தீவிலேயே இருக்கிறது. ஆனி மாதத்து உற்சவத்திற்குக் குறிகட்டுவான் துறையில் ஆயிரக்கணக்கானோர் படகேறுகின்றனர். அவர்களுட் பலர் கல்லின் அருகே நடந்து செல்கின்றனர், அம்மனைக் கண்டு மீள்கின்றனர், கல்லை அறியார். ஒரு பொருள் தன் ஊரில் இருந்தால் மட்டும் போதாது, அதனை எடுத்துச் சொல்பவரும் ஊரில் இருக்கவேண்டும் என்பதை நாம் இங்கே கற்கிறோம்.

சொல்பவர் இல்லாமற் போனதற்குப் போரும் காரணம். 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்துப் போரில் எங்கள் ஊர் மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்துப் பெயர்பெற்ற புங்குடுதீவார், 1958இலும் 1977இலும் 1983இலும் கடையை இழந்து ஊருக்கு ஓடிவந்தவர்கள். இம்முறை ஊரையே இழந்தனர். எடுத்துச் செல்லமுடியாதவை எவை? திருகை, உரல், பெட்டகம், துலா. மழை ஓடுகளைப் பெயர்த்தது. ஆல் சுவரைப் பிளந்தது. இன்றும் இறுப்பிட்டி ஒழுங்கைகளில் ஆளில்லா வீடுகள் பல நிற்கின்றன. கூரையில்லாத அறையில் அம்மி மட்டும் கிடக்கும். அதுவும் ஒருவகை அரும்பொருளகம்தான். காவலாளி இல்லை, கதவும் இல்லை.

இத்தகைய ஊரில் பாடசாலைக் கண்காட்சி வெறும் விளையாட்டாக இருக்க முடியாது. பிள்ளைகள் வீடுகளில் தேடி எடுத்துவரும் பொருள்களை மேசைகளில் பரப்புவோம். கடகம், நீற்றுப்பெட்டி, சுளகு, பனங்கட்டிக் குட்டான், பிளா. தண்ணீர் இறைக்கும் பட்டை ஒன்று ஒருமுறை வந்தது. மீன் பறியும் தூண்டிலும் வரும். களங்கட்டி அடைக்கும் முறையை மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் ஈர்க்கினால் செய்து காட்டுவார்கள். ஆழமற்ற கடலில் தடிகளை நட்டுச் சிராம்பு கட்டி, வற்றுப் பெருக்கோடு மீனை அறைக்குள் அறையாகச் செலுத்தும் அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. துலா மிதித்து இறைத்த முறையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். ஒருவன் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவன் கிணற்றடியில் பட்டையைக் கவிழ்க்க, ஒருவன் புகையிலைத் தோட்டத்தில் வாய்க்கால் மாற, விடியுமுன் தொடங்கும் வேலை அது. துலாவில் நடந்தவன் தவறி விழுந்தால் அதற்கு எந்த அரசனின் காப்புறுதியும் இல்லை.

அண்மையில் நடந்த கண்காட்சியில், அகப்பைகள் வைத்த மேசையில் பிடியில்லாத சிரட்டையொன்றை ஒரு மாணவி கொண்டுவந்து வைத்தாள். அகப்பை செய்ய எடுத்ததா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டனர். இல்லை, தன் பாட்டனாருக்குத் தேநீர்க் கடையில் இதில்தான் ஊற்றுவார்கள் என்று அவள் சொன்னாள். மேசையைச் சுற்றிச் சிறிது நேரம் பேச்சில்லை. பெயரட்டை எழுதும் பொறுப்பிலிருந்த மாணவன் "தேங்காய்ச் சிரட்டை: பானம் அருந்தப் பயன்பட்டது" என்று எழுதினான். அவன் எழுதியது பொய்யன்று. உலகத்து அரும்பொருளகங்களின் பெயரட்டைகள் பலவும் இந்த மாதிரியான உண்மையையே கூறுகின்றன. மாணவி அதனை ஏற்கவில்லை. "யாருக்கு என்று எழுதவேண்டும்" என்றாள். கண்காட்சி பார்க்க வந்த பெரியவர்களுட் சிலர், பழையதை ஏன் கிளறுவான் என்று முணுமுணுத்தனர். கிளறாமல் விட்ட பழையது எது? பல்லக்கைக் கிளறி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறோமே! முதலியாரின் பல்லக்குப் பழம்பெருமை ஆகும்பொழுது, கூலியாளின் சிரட்டை மட்டும் பழம்பகை ஆவது எவ்வாறு? மாணவர் நெடுநேரம் தமக்குள் விவாதித்து, இரண்டாவது பெயரட்டையை அவளையே எழுதச் சொன்னார்கள். அவள் ஒரு வரி எழுதினாள். கண்காட்சி முடியும்வரை அது அங்கே இருந்தது. முடிந்ததும் சிரட்டை அவளோடு வீட்டுக்குப் போயிற்று.

அந்தச் சிரட்டையின் வரலாறு சிறியதன்று. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக எழுந்த ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் நம் தந்தையர் காலத்து நிகழ்ச்சிகள். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் அக்காலத்தைப் பதிவுசெய்தார். எங்கள் தீவிலோ போராட்டம் நீரைப்பற்றி எழுந்தது. சுண்ணாம்புக்கல் நிலம் இது. பெய்யும் மழை கல்லின் துளைகளில் இறங்கி, கீழுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்குமேல் இறைத்தால் உவர் ஏறிவிடும். நன்னீர்க் கிணறு சிலவே, உவர்க்கிணறு பல. ஆகவே இங்கே கிணற்றை விலக்குவது உயிரையே விலக்குவதாகும். ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம் 1971இல், கண்ணகையம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்டோரும் நன்னீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்; அடிபட்டார்; 1973இல் முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். அவருடைய மெய்யியற் கொள்கைகளோடு நாம் முழுதும் உடன்படுவோம் அல்லோம். ஆனால் ஒரு வாளித் தண்ணீருக்காக ஓர் ஆசிரியன் அடிவாங்கிய ஊரில் நாம் ஆசிரியராயிருக்கிறோம் என்பதை மறத்தல் இயலாது. புங்குடுதீவுக்கு ஓர் அரும்பொருளகம் அமையுமாயின் அதன் முதற்பொருள் வாளும் அல்ல, பல்லக்கும் அல்ல, அக்கிணற்று வாளியே.

அத்தகைய அரும்பொருளகம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று கூறுவோர் உலகைச் சற்று நோக்குக. சுவீடன் நாட்டில் ஹசேலியுஸ் என்பவர் 1891இல் ஸ்டொக்ஹோம் நகரின் குன்றொன்றில் உழவர் குடிசைகளையே பெயர்த்துக் கொண்டுவந்து திறந்தவெளியில் நாட்டினார். அரண்மனைப் பொருளுக்குரிய மதிப்பைக் குடிசைக்கு அளித்தார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்சிணசித்ராவில் வணிகரின் வீட்டோடு நெசவாளியின் வீடும் குயவரின் வீடும் நிற்கின்றன. நாவற்குழியில் 2020இல் தொடங்கிய சிவபூமி அருங்காட்சியகம், யாழ்ப்பாணத்து வீட்டுப் பொருள்களும் காண்பதற்குரியவை என்று நிறுவியது. அது நல்ல தொடக்கம். கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகம், தோண்டிய ஊரிலேயே தோண்டிய பொருளை வைக்கமுடியும் என்று காட்டியது.

ஆனால் எங்களுக்கு மிக நெருங்கிய உறவு இவற்றுள் எதுவுமன்று. தென்னாபிரிக்கக் கேப்டவுன் நகரத்தின் ஆறாம் வட்டாரம். 1966இல் வெள்ளை அரசு அந்த வட்டாரத்தை வெள்ளையருக்கே உரியதென அறிவித்தது. அறுபதினாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடித்து நிரவப்பட்டன. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994இல், பழைய கோயிலொன்றில், அம்மக்களே ஓர் அரும்பொருளகம் அமைத்தனர். அங்கே விலைமதிப்பான பொருள் ஒன்றுமில்லை. தரையில் அழிந்துபோன தெருக்களின் பெரிய படம் விரிக்கப்பட்டது. வந்தவர்கள் குனிந்து, தம் வீடிருந்த இடத்தைத் தேடித் தம் பெயரை எழுதினர். பார்க்க வந்தவரே அங்கே வரலாற்றாசிரியர் ஆயினர்.

ஆடி ஆவணி விடுமுறையில் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் எங்கள் ஊரவர் வருகின்றனர். கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுக்கின்றனர். கோபுரத்திற்கு வர்ணம் பூசுவிக்கின்றனர். இடிந்த வீட்டின் முன் நின்று படமெடுத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஏதோ சொல்கின்றனர். அவர்கள் நிதியில் ஒரு சிறு கூறு போதும். கூரை போன கல்வீடு ஒன்றைத் திருத்தி, தரையில் புங்குடுதீவின் படத்தை வரையலாம். மடத்துவெளி, ஊரதீவு, வல்லன், பெருங்காடு, குறிகட்டுவான், இறுப்பிட்டி ஆகிய ஒவ்வொரு வட்டாரத்தையும், ஒழுங்கைகளையும், கிணறுகளையும் அதில் குறிக்கலாம். தென்னிலங்கைக் கடைகளின் பழைய கணக்குக் கொப்பிகள் எவரிடமேனும் இருக்கும். நயினாதீவுக் கல்லின் படியொன்றை வாசிக்கத்தக்க எழுத்தில் சுவரிற் பதிக்கலாம். நிலையான காட்சி அதுவாக, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளைப் பற்றிய பருவக் காட்சியை மாணவர் அமைக்கலாம்: ஓராண்டு புகையிலை, ஓராண்டு பனை, ஓராண்டு களங்கட்டி. சிரட்டை எப்போதும் இருக்கும்.

இதற்குக் கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. துலாவில் நடந்தவர்களுள் உயிரோடிருப்போர் மிகச் சிலர். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யப் பிள்ளைகள் கையிலிருக்கும் தொலைபேசியே போதும். பத்தாம் வகுப்பு மாணவர் இவ்வாண்டு இறுப்பிட்டிக் கிணறுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கின்றனர். கிணற்றுக்கு நான்கு வினா: ஆழம் எவ்வளவு, நன்னீரா உவரா, வெட்டியவர் யார், முன்பு யார் அள்ளலாகாது என்றிருந்தது. முதல் மூன்று வினாக்களுக்கும் விடை விரைவாக வருகின்றது. நான்காவதற்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போய்க் கேட்கவேண்டியிருக்கிறது.